அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு: 2015 வெள்ளத்துக்குப் பிந்தைய மாற்றுக் குடியிருப்பு – ஒரு நிகழ்வு ஆய்வு

2015 டிசம்பர் வெள்ளத்தில் வீடிழந்த சென்னை அடையாற்றங்கரைக் குடும்பங்களுக்கு மாற்று வீடு கொடுப்பதில் தமிழக அரசு தாமதம் செய்யவில்லை. தண்ணீர் வடிந்த சில வாரங்களிலேயே முதல் குடும்பங்கள் லாரிகளில் ஏற்றப்பட்டுத் தெற்குப் புறநகரான பெரும்பாக்கத்திலும் ஒக்கியம் துரைப்பாக்கத்தை ஒட்டிய எழில் நகரிலும் இறக்கப்பட்டன. பேரிடருக்குப் பின் ஆண்டுக்கணக்கில் தற்காலிகக் கொட்டகைகளில் மக்கள் வாடும் நாட்டில் இது பெரிய வேகம். இந்த வேகம் எப்படிச் சாத்தியமானது என்று கேட்டால்தான் பின்னால் வந்த சிக்கல்கள் எல்லாம் விளங்கும். வெள்ளம் வருவதற்கு முன்பே வீடுகள் கட்டப்பட்டிருந்தன. அங்கே குடிவைக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். வெள்ளம் ஆட்களைக் கொடுத்தது.

வீடு எங்கே அமைய வேண்டும் என்ற முடிவு, அதில் வாழப்போகிறவர்கள் யார் என்று தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. இந்த வரிசைப் பிழையைத்தான் இந்த ஆய்வில் நான் முதன்மையாகப் பார்க்கிறேன். லிஃப்ட் ஓடாதது, பஸ் கிடைக்காதது, பிள்ளைகள் படிப்பை நிறுத்தியது ஆகியவற்றைத் தனித்தனிக் குறைகளாகப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு மருந்து தேடுவது பயன்தராது. அவை ஒரே வேரிலிருந்து வந்தவை.

வெள்ளமும் அதற்குப் பிறகும்

அந்த நவம்பரில் மட்டும் சென்னையில் 1,049 மில்லிமீட்டர் மழை பெய்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டில் காணாத நவம்பர் மழை அது. மண் ஊறிப்போய், ஏரிகள் நிரம்பி வழிந்துகொண்டிருந்த நிலையில் டிசம்பர் 1 அன்று மீண்டும் கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. ஆதனூர், மணிமங்கலம், முடிச்சூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரி நீரும் அதே ஆற்றில்தான் வந்து சேர்ந்தது. அன்றிரவு ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எங்கும் ஆறு கரையேறியது. நீர் திறந்துவிடப்பட்ட முறையை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை கடுமையாகக் குறை கூறியது. அந்த அறிக்கை 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது.

வெள்ளம் யாரையும் பார்த்து வரவில்லை. கோட்டூர்புரத்தின் அடுக்குமாடி வீடுகளிலும் முதல் தளம் வரை தண்ணீர் நின்றது. அவர்கள் சேற்றைக் கழுவி, சுவருக்குப் புதுச் சாயம் பூசி, தங்கள் வீட்டுக்கே திரும்பினார்கள். ஆற்றோரக் குடிசைக்காரர்களிடம் மட்டும் திரும்பக் கூடாது என்று சொல்லப்பட்டது. ஆற்றின் மீதே பாலம் கட்டி விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதையை நீட்டிய நகரம் இது. நதிப்படுகையில் யார் இருக்கலாம், யார் இருக்கக் கூடாது என்பதை வெள்ளநீரின் அளவை வைத்து மட்டும் முடிவு செய்திருந்தால் அகற்றப்படுவோர் பட்டியல் வேறு விதமாக இருந்திருக்கும். ஆற்றின் ஓரத்திலேயே படுத்து உறங்கிய குடும்பங்களை அங்கிருந்து மேடான இடத்துக்கு மாற்ற வேண்டியது அவசியம்தான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எங்கே, எப்போது, எப்படி என்பதில்தான் கேள்வி.

வெள்ள நிவாரணமாகக் குடிசை இழந்தோருக்கு 10,000 ரூபாயும், வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தோருக்கு 5,000 ரூபாயும் அறிவித்த அரசு, ஆற்றோரக் குடும்பங்களுக்கு முதல் கட்டமாக 10,000 வீடுகள் ஒதுக்கப்படும் என்றும் அறிவித்தது.

காலியாக இருந்த வீடுகள்

பெரும்பாக்கம் குடியிருப்பு 2005-ல் தொடங்கிய ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தின் நிதியில் கட்டப்பட்டது. தரைத்தளமும் அதன்மேல் ஏழு மாடிகளும் கொண்ட கட்டடங்கள். மொத்தத் திட்டம் 20,000-க்கும் அதிகமான வீடுகளுக்கு. நகரத்துக்குள் அரசு நிலம் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் அதற்கு வேறு துறைகள் போட்டியிடும். புறநகரில் கிடைத்தது, அங்கே கட்டினார்கள். அதற்கு முன் 2000-ல் தொடங்கிய கண்ணகி நகர், அடுத்து வந்த செம்மஞ்சேரி ஆகியவற்றின் கதையும் இதுதான்.

இந்தக் கணக்கில் ஒரு வீட்டுக்கு ஆகும் செலவு குறைவாகத் தெரியும். செங்கல், சிமெண்ட், கம்பி எல்லாம் கணக்கில் உண்டு. அந்த வீட்டிலிருந்து வேலைக்குப் போய் வரும் செலவு மட்டும் எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் இல்லை. அதைக் குடியேறுகிறவரே சுமக்கிறார். ஓர் எடுத்துக்காட்டு. சைதாப்பேட்டையிலிருந்து பெரும்பாக்கம் சுமார் 20 கிலோமீட்டர். பஸ் மாறிப் போய்வர ஒருவருக்கு நாளொன்றுக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 25 வேலை நாளுக்கு 1,000 ரூபாய். இருவர் வேலைக்குப் போகும் வீட்டில் 2,000. ஆற்றோரத்தில் இருந்தபோது இந்தச் செலவே கிடையாது, நடந்து போனார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானது இந்தக் குடியிருப்புகளுக்கு மிகப் பெரிய ஆறுதல். பெரும்பாக்கத்துக்காகத் தீட்டப்படாத ஒரு திட்டம், பெரும்பாக்கத்தின் திட்டத்தில் விடுபட்ட செலவில் ஒரு பங்கை ஆறாண்டுகளுக்குப் பிறகு ஏற்றுக்கொண்டது.

பணத்தைவிட நேரம் பெரிய இழப்பு. வீட்டு வேலை செய்யும் பெண்ணின் காலையைப் பாருங்கள். ஆறரை மணிக்கு முதல் வீட்டில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுப் பாத்திரம் துலக்க வேண்டும். எட்டு மணிக்கு இரண்டாவது வீடு, ஒன்பதரைக்கு மூன்றாவது. இடையில் தன் வீட்டுக்கு ஓடிவந்து பிள்ளைக்குச் சோறு கட்டிப் பள்ளிக்கு அனுப்புவார். நான்கு தெருக்களுக்குள் அடங்கிய வாழ்க்கை அது. பெரும்பாக்கத்திலிருந்து ஆறரைக்கு வர வேண்டுமென்றால் ஐந்து மணிக்கு முன்பே கிளம்ப வேண்டும். இடையில் வீட்டுக்கு ஓடிவருவது இல்லவே இல்லை. அதனால் முதலில் ஒரு வீட்டு வேலை கைவிட்டுப் போகும், பிறகு இன்னொன்று. கட்டட வேலைக்குப் போகும் ஆண், காலையில் மேஸ்திரிகள் ஆள் பிடிக்கும் முனையில் உரிய நேரத்துக்கு நிற்காவிட்டால் அன்றைய கூலி போயிற்று. புறநகரிலும் வேலை உண்டே, பழைய மாமல்லபுரம் சாலை நெடுகக் கணினி நிறுவனங்கள் இருக்கின்றனவே என்பார்கள். உண்மைதான், துப்புரவும் காவலும் அங்கே கிடைக்கின்றன. ஆனால் பத்தாண்டு பழகி, அவசரத்துக்குக் கைமாற்றுக் கொடுக்கும் வீட்டுக்காரர்களும், தவணைக்குப் பொருள் தரும் மளிகைக் கடையும் புது இடத்தில் உடனே முளைப்பதில்லை.

ஒரு குடிசை, ஒரு வீடு

ஒதுக்கீட்டின் அடிப்படை, கணக்கெடுப்பு. குடிசையின் முன் குடும்பத்தை நிறுத்திப் படம் எடுப்பார்கள், கதவில் எண் எழுதுவார்கள், கைரேகை பதிவார்கள். குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, ஆதார் கேட்பார்கள். வெள்ளத்தில் பாதிக் குடும்பங்களின் தகரப் பெட்டியே போய்விட்ட நேரத்தில் இந்தக் காகிதங்களைக் கேட்பதன் பொருள் என்ன என்று களத்தில் நின்ற அலுவலர்களுக்கும் தெரியும். நகல் எடுத்துக் கொடுக்க முகாம்கள் நடத்தப்பட்டன. அது நல்ல ஏற்பாடு.

அதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. குடிசை என்பது ஒரு குடும்பம் என்று படிவம் நினைக்கிறது. ஆற்றோரக் குடிசையில் தாய் தந்தை, மணமான மகன், கைக்குழந்தையோடு வந்து தங்கிய மகள் என்று மூன்று அடுப்புகள் இருக்கும். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் பக்கத்தில் ஒரு தடுப்பு எழுப்பி இடம் செய்துகொள்வார்கள். சுமார் 400 சதுர அடி அடுக்குமாடி வீட்டில் அப்படி எழுப்ப இடமில்லை. எனவே ஒதுக்கீட்டு ஆணை ஒருவர் பெயரில் வரும், மற்றவர்கள் வாடகைக்குப் போவார்கள் அல்லது நகரத்திலேயே வேறொரு கரையோரத்தில் தங்குவார்கள். குடிசையில் வாடகைக்கு இருந்தவரின் நிலை இன்னும் மோசம். அவருடைய பொருளைத்தான் வெள்ளம் கொண்டுபோயிருக்கும், ஆனால் குடிசை அவருடையதல்ல.

அடுத்தது காலம். வெள்ளம் டிசம்பரில் வந்தது. கல்வியாண்டு ஏப்ரலில் முடிகிறது. நடுவில் பெயர்த்தெடுத்தால் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிக்கும் பிள்ளைகள் பொதுத் தேர்வுக்கு மூன்று மாதம் முன்பு 20 கிலோமீட்டர் தள்ளிப் போகிறார்கள். சிலர் பழைய பள்ளிக்கே பஸ்ஸில் போய் வந்தார்கள், சிலர் உறவினர் வீட்டில் தங்கினார்கள், சிலர் நின்றுவிட்டார்கள். பிந்தைய ஆண்டுகளில் கூவம் கரையிலும் பிற இடங்களிலும் நடந்த வெளியேற்றங்களின்போதும் இதே குரல் எழுந்தது. ஏப்ரல் வரை பழைய பள்ளிக்கு அருகிலேயே வாடகைக்கு இருக்க உதவித்தொகை கொடுத்து, மே மாதத்தில் மாற்றுவதற்குப் பெரிய தொகை ஒன்றும் ஆகியிருக்காது.

மாடி வாழ்க்கை

மீன்பாடி வண்டியில் மீன் விற்கிறவர் அந்த வண்டியை இரவில் எங்கே நிறுத்துவார்? ஆற்றோரத்தில் குடிசை வாசலில் நிறுத்திச் சங்கிலியால் கட்டினார். ஏழாவது மாடிக்கு அதைக் கொண்டுபோக முடியாது. கீழே விட்டால் காலையில் சக்கரம் இருக்குமா என்பது தெரியாது. வாசலில் அடுப்பு வைத்து இட்லி சுட்டு விற்ற ஆயாவுக்கு ஐந்தாவது மாடியில் வாசலே இல்லை, நடைபாதைதான் இருக்கிறது, அங்கே அடுப்பு வைக்கக் கூடாது. தரைத்தள வீடுகளை முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கொடுப்பது பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள், அது வேண்டியதே. ஆனால் தொழிலுக்குத் தரை தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பது எந்தக் கணக்கெடுப்புப் படிவத்திலும் கேள்வியாக வரவில்லை.

எட்டு தளக் கட்டடத்தின் உயிர் லிஃப்டில் இருக்கிறது. அது பழுதானால் மாடியில் இருப்பவர்கள் சிறைப்பட்டவர்களாகிறார்கள். தண்ணீர் மோட்டார் நின்றால் குடத்தோடு ஏற வேண்டும். பெரும்பாக்கத்தில் இரண்டும் அடிக்கடி நடந்தன. பராமரிப்புக்கென மாதம் 750 ரூபாய் விதிக்கப்பட்டது. ஆற்றோரத்தில் அப்படி ஒரு கட்டணமே கட்டியிராத, வருமானம் குறைந்துபோன குடும்பத்திடம் அதை எதிர்பார்த்ததால் நிலுவை ஏறியது. நிலுவை ஏறியதால் பராமரிப்பு சுருங்கியது. பிறகு ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ என்ற திட்டத்தில் குடியிருப்போர் நலச் சங்கங்கள் அமைத்து, அவர்கள் திரட்டும் தொகைக்கு இணையாக அரசும் தரும் ஏற்பாடு வந்தது. நல்ல யோசனை, நான் வரவேற்கிறேன். ஆனால் ஏழை மக்களுக்கு லிஃப்ட் வைத்த உயரமான கட்டடம் கட்டுகிற அரசு, முதல் நாளிலேயே அதன் பராமரிப்புச் செலவை யார் தருவார் என்று எழுதி வைத்திருக்க வேண்டும். மூன்று மாடி, படிக்கட்டு மட்டும் என்று கட்டினால் வீடுகளின் எண்ணிக்கை குறையும், பராமரிப்பும் குறையும். எண்ணிக்கையை இலக்காக வைத்ததால் உயரம் தானாக வந்துவிட்டது.

நிர்வாகத்திலும் ஓர் ஓட்டை. மாநகராட்சிக்குள் இருந்த மக்களைக் கொண்டுவந்து ஓர் ஊராட்சியின் எல்லைக்குள் வைத்தார்கள். குப்பை, தெருவிளக்கு, சாலை, வடிகால் எல்லாவற்றுக்கும் பெரும்பாக்கம் ஊராட்சியும் வீடுகளைக் கட்டிய குடிசை மாற்று வாரியமும் ஒன்றை ஒன்று கைகாட்டும் நிலை. ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகையை ஊராட்சிச் செயலாளரிடம் ஒப்படைப்பது எவ்வளவு பெரிய அநியாயம்! பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், ரேஷன் கடை, காவல் நிலையம் ஆகியவை வந்தன. மக்கள் வந்து சேர்ந்த பிறகு, ஒவ்வொன்றாக வந்தன.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ஒழுகாத கூரை, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை, தாழிட்டுப் படுக்கக் கதவு ஆகியவை ஆற்றோரத்தில் கிடைக்காதவை. பருவம் வந்த மகள்கள் உள்ள தாய்மார்களுக்கு இதன் மதிப்பு என்னவென்று வெளியிலிருந்து எடைபோட முடியாது. பழைய இடத்துக்குப் போகவே மாட்டோம் என்று சொல்கிற குடும்பங்களும் அங்கே உண்டு. ஆகவே பெரும்பாக்கத்தை இடித்துத் தள்ளவேண்டிய தவறு என்று நான் சொல்லவில்லை. அது யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று பிரித்துப் பார்க்கும் வழி ஒன்று திட்டத்தில் இல்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

வெள்ளத்திலிருந்து சதுப்புக்கு

வெள்ளத்திலிருந்து காப்பாற்றவே இடமாற்றம் என்றது அரசு. போய்ச்சேர்ந்த இடமோ பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் பக்கம். தென்சென்னையின் பல ஏரிகளின் உபரி நீர் வந்து நின்று, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, முட்டுக்காட்டில் கடலைச் சேரும் தாழ்நிலம் அது. 2022-ல் உலக அளவில் முக்கியமான ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதே 2015 மழையில் பெரும்பாக்கத்துச் சாலைகளிலும் தண்ணீர் நின்றது. செம்மஞ்சேரி கனமழை பெய்தபோதெல்லாம் மூழ்கியிருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பெரும்பாக்கமும் பள்ளிக்கரணையும் சுற்றுவட்டாரமும் நாள்கணக்கில் நீரில் நின்றன. ஏழாவது மாடியில் இருப்பவர் மூழ்கமாட்டார். மின்சாரம் இல்லை, லிஃப்ட் இல்லை, கீழே இறங்கினால் இடுப்பளவு தண்ணீர், பால் பாக்கெட் வாங்கவும் வழியில்லை. வெள்ளத்தால் இடம்பெயர்ந்தவரை மீண்டும் வெள்ளத்தில் நிறுத்துவதைவிடப் பெரிய திட்டமிடல் தோல்வி எனக்குத் தெரியவில்லை. குடியமர்த்தும் இடத்தின் வெள்ள வரைபடத்தை, அகற்றும் இடத்தின் வரைபடத்தோடு அருகருகே வைத்துப் பார்க்கும் ஒரு மாலை வேலை செய்யப்படவில்லை, அல்லது செய்தும் பயன்படுத்தப்படவில்லை.

தெரியாமல் நடந்ததா?

1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, ‘ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்’ என்ற அண்ணாவின் வாசகத்தைத் தன் கொள்கையாக எடுத்துக்கொண்டது. அந்த ஆரம்ப ஆண்டுகளில் குடிசைப் பகுதி இருந்த இடத்திலேயே அல்லது அதன் அருகிலேயே மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. 1977-ல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டம் வேறு வழியைக் காட்டியது: அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனையும் தண்ணீரும் கழிவுநீர் இணைப்பும் கொடுத்து, வீட்டை மக்களே படிப்படியாகக் கட்டிக்கொள்ளச் செய்தார்கள். மகனுக்குக் கல்யாணம் ஆனால் மாடியில் ஓர் அறை எழுப்ப முடிந்தது. இன்று அவை நகரத்தின் இயல்பான பகுதிகளாக நிற்கின்றன.

இன்னொரு சான்று, 2004 ஆழிப்பேரலை. நாகப்பட்டினம் போன்ற கடலோர மாவட்டங்களில் மீனவர்களுக்கு வீடு கட்டியபோது, கடலிலிருந்து 200 மீட்டர் என்பதை ஓர் எல்லையாக வைத்துப் பேசினார்கள். படகும் வலையும் கரையில் இருக்கும், மீனவன் வெகுதூரம் போக முடியாது என்று அரசு ஏற்றுக்கொண்டது. மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகள் வலுவாக இருந்ததால் அவர்களின் குரலைத் தவிர்க்க முடியவில்லை. அதே பேரலையில் பாதிக்கப்பட்ட சென்னைக் கரையோர ஏழைகள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் போனார்கள். ஒரே அரசு, ஒரே பேரிடர், இரண்டு விதமான திட்டம். பதினொரு ஆண்டு கழித்து 2015-ல் சென்னை ஏழைகளுக்கு வந்தது இந்த இரண்டாவது விதம்தான். பிழைப்பு இருக்கும் இடத்தை விட்டு ஒருவரை அகற்றுவது அவரது உயிர்வாழும் உரிமையைத் தொடும் என்று உச்ச நீதிமன்றம் 1985-ல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் சொன்னது. அதே காலத்தில் சென்னைக் குடிசைவாசிகளுக்காக வழக்கறிஞர் கே. சந்துரு தொடுத்த வழக்கும் அந்த நீதிமன்றத்தின் முன் வந்திருந்தது. எனவே 2015-ல் இது யாருக்கும் புதிய செய்தி அல்ல.

எப்படிச் செய்திருக்கலாம்

முதலில் காலத்தை வாங்கியிருக்க வேண்டும். குடிசை இழந்தவருக்கு நகரத்துக்குள்ளேயே வாடகை உதவி, ஓராண்டோ இரண்டாண்டோ. அந்த இடைவெளியில் நிலம் தேடலாம். நகரத்துக்குள் நிலமே இல்லை என்ற பேச்சை நான் முழுதாக ஏற்கமாட்டேன். வாரியத்தின் பழைய மாடிக் குடியிருப்புகள் பலவும் 1970-களில் கட்டப்பட்டு இடித்துக் கட்டும் நிலையில் இருந்தன. அவற்றை மறுபடி கட்டும்போது கூடுதல் வீடுகள் எழுப்பி, அருகிலுள்ள ஆற்றோரக் குடும்பங்களுக்கு ஒதுக்கியிருக்கலாம். பெரிய குடியிருப்புத் திட்டங்களில் பத்தில் ஒரு பங்கைப் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும் என்ற விதி சென்னைப் பெருநகரின் இரண்டாவது முழுமைத் திட்டத்திலேயே உண்டு. அந்த விதியை உறுதியாகச் செயல்படுத்தியிருந்தால் சிறு சிறு தொகுதிகளாக நகரம் முழுவதும் வீடுகள் கிடைத்திருக்கும்.

எல்லாருக்கும் நகரத்துக்குள் கிடைத்திருக்காது, அது உண்மை. அப்போதும் தேர்வு என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். பழைய மாமல்லபுரம் சாலையில் வேலை பார்ப்பவருக்குப் பெரும்பாக்கம் வசதி; அவர் முதலில் போகட்டும். சைதாப்பேட்டைச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர் காத்திருக்கட்டும். ஒரே தெருவில் இருந்தவர்களை ஒரே கட்டடத்தில் வைக்கும் ஒதுக்கீடு, குலுக்கல் ஒதுக்கீட்டைவிடக் கொஞ்சம் கூடுதல் வேலைதான். அது கிடைத்தால், வேலைக்குப் போகும் தாய் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல ஓர் அக்காவைத் தேடி அலைய வேண்டியதில்லை.

வாரியம் 2021-ல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. அதே ஆண்டில் மறுகுடியமர்வுக்கான வரைவுக் கொள்கையும் வெளியிடப்பட்டது. அத்தகைய கொள்கை களத்தில் முதலில் தொடும் இடம் கணக்கெடுப்புப் படிவம். அடுத்த முறை அலுவலர் குடிசை வாசலில் நின்று கைரேகை பதியும்போது அந்தப் படிவத்தில் இவையும் இருக்க வேண்டும்: வீட்டில் வேலைக்குப் போகும் ஒவ்வொருவரும் எங்கே, எத்தனை மணிக்கு, எப்படிப் போகிறார்கள், பிள்ளைகள் எந்தப் பள்ளியில் எந்த வகுப்பு, தொழிலுக்குத் தரைத்தளம் வேண்டுமா, வண்டி நிறுத்த இடம் வேண்டுமா, மாடி ஏற முடியாதவர் யார், எத்தனை அடுப்பு எரிகிறது, யாருடைய பக்கத்தில் வீடு வேண்டும். நிரப்பிய படிவத்தின் நகல் அந்தக் குடும்பத்திடம் கொடுக்கப்பட வேண்டும். மனையைத் தேடுவதும் கட்டடத்தின் உயரத்தை முடிவு செய்வதும் அந்தப் படிவங்களைத் தொகுத்த பிறகுதான் தொடங்க வேண்டும்.